உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போனது. தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மரில் ஏதோ கோளாறு. புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டோம், மூன்று மணிக்குக் கரண்ட் திரும்ப வந்தது யாருக்கும் தெரியவில்லை. காலை ஆறு மணிக்குக் கீழே இறங்கி வந்தால் ஃபேன் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது, மீன் தொட்டியில் விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் ஒரு சுழிப்பில்லாமல் அப்படியே நிற்கிறது. லட்டுவும் ஜாங்கிரியும் மேல்மட்டத்துக்கு வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன.

இரண்டும் கோல்டு ஃபிஷ். நான்கு வருடத்துக்கு முன்னால் சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கும்போது கட்டைவிரல் அளவுதான் இருந்தன, பெயர் வைத்தது மகள். இப்போது வாலோடு சேர்த்தால் என் உள்ளங்கையை மீறும். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டிப் பக்கம் போனாலே சாப்பாடு என்று நினைத்து ஓடி வரும் அந்த இரண்டும், அன்றைக்கு நான் கண்ணாடியைத் தட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

தொட்டிக் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன். தண்ணீருக்குள் மூழ்கி, ஃபில்டர் ஸ்பான்ஜ் வழியாகத் தண்ணீரை இழுத்துச் சுழற்றுகிற குட்டி பம்ப் உம்மென்று உறுமிக்கொண்டிருந்தது. கரண்ட் வருகிறது, சத்தம் வருகிறது, ஆனால் சுற்றவில்லை. இந்த நிலைமையில் நிறையப் பேர் பம்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். நான் வாங்கின கடைக்கு அன்று காலையே போன் செய்தேன், அவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் உறுமுகிற பம்ப் பெரும்பாலும் செத்த பம்ப் இல்லை. என் பம்ப் இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, செலவு ஒரு பாட்டில் வினிகர். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதி வைத்தால் யாருக்காவது ஒரு காலை நேரத்தில் உதவும்.

முதலில் மீன். பம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பம்ப் தண்ணீருக்குள் ஆக்சிஜனைத் தயாரிப்பதில்லை. மேல்மட்டத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது, அந்தக் கலக்கத்தில்தான் காற்றிலிருந்து ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்குகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 9 மில்லிகிராம் போல ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். எங்களுடையது மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 150 லிட்டர். கணக்குப் போட்டால், சென்னை வெயில் காலத்தில் அந்தத் தொட்டி முழுக்க நிறைந்திருந்தாலும் உள்ளே இருக்கிற மொத்த ஆக்சிஜன் ஒரு கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதை இரண்டு பெரிய மீன்களும், செடிகளும் (இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்), ஸ்பான்ஜில் குடியிருக்கிற பாக்டீரியாவும் பங்கு போடுகின்றன. ஆறரை மணி நேரம் கலக்கம் இல்லாமல் இருந்தால் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

அதனால் முதல் வேலையாக ஒரு மக்கை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினேன். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஊற்றலிலும் எத்தனை குமிழி உள்ளே போகிறது என்று பாருங்கள். கால் மணி நேரம் மகளும் நானும் மாற்றி மாற்றி ஊற்றினோம். அப்புறம், முந்தின நாள் பிடித்து வைத்திருந்த தண்ணீர் மூன்று பக்கெட் இருந்தது, தொட்டியிலிருந்து அதே அளவு எடுத்துவிட்டு அதை மெதுவாகச் சேர்த்தேன். ஏழு மணிக்கு ஜாங்கிரி கீழே இறங்கிவிட்டது. லட்டு இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது, அது எப்போதும் கொஞ்சம் பயந்த சுபாவம்.

அன்றைக்கும் மறுநாளும் தீனி போடவில்லை. மகளுக்கு அது தாங்கவில்லை, "பாவம்ப்பா, அதுங்களுக்குப் பசிக்கும்ல" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கோல்டு ஃபிஷ் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஃபில்டர் ஓடாதபோது போடுகிற தீனி அப்படியே அம்மோனியா ஆகும், அதைத் தின்று தீர்க்கிற பாக்டீரியாவுக்கு ஸ்பான்ஜ் வழியாகத் தண்ணீர் ஓட வேண்டும். எங்கள் போர் தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று சொல்கிற அளவு) 8க்கு மேலே. பிஎச் ஏற ஏற, வெப்பம் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் விஷமாகும். கோடையில் போர் தண்ணீரில் மீன் வளர்க்கிற யாருமே ஃபில்டர் நின்ற அன்று தீனி போடக் கூடாது என்பேன்.

சரி, இப்போது பம்ப்.

தொட்டிக்குள் கை வைப்பதற்கு முன் ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சுவிட்ச் ஒரு வயரைத்தான் துண்டிக்கிறது. பழைய வீடுகளிலும் அவசரமாகச் செய்த வயரிங்கிலும் அந்த ஒரு வயர் நியூட்ரலாக இருந்துவிடுகிற சங்கதி சர்வ சாதாரணம். அப்போது சுவிட்ச் அணைந்திருக்கும், பம்புக்குள் 230 வோல்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். இந்தச் சின்ன பம்புகள் பெரும்பாலும் டூ பின், எர்த் கிடையாது. வீட்டில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால், மீன் தொட்டி வைத்திருப்பதையே காரணமாகச் சொல்லி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வயரும் தொட்டியிலிருந்து நேராக ப்ளக்குக்கு ஏறக் கூடாது, ப்ளக் பாயின்ட்டை விடக் கீழே ஒரு முறை தொங்கிவிட்டு அப்புறம் மேலே ஏற வேண்டும், வயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

பம்பை வெளியே எடுத்து ஒரு வெள்ளைப் பேசினில் வைத்துப் பிரித்தேன். பேசின் முக்கியம். சிங்க்கில் வைத்துப் பிரித்தால், உள்ளே இருக்கிற மிளகு அளவு கறுப்பு ரப்பர் புஷ் கழன்று ஓட்டை வழியாகப் போய்விடும், அது இல்லாமல் பம்ப் ஓடாது, ஓடினாலும் கடகடவென்று சத்தம் போடும். முன்பக்க மூடியைத் திருகினால், தண்ணீரைத் தள்ளுகிற இறக்கை வைத்த இம்பெல்லர் தெரியும். இறக்கையைப் பிடித்து இழுத்தால், உள்ளே இருக்கிற காந்தத்தோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும், காந்தம் என்பதால் கொஞ்சம் அடம்பிடிக்கும். நடுவில் ஊதுவத்திக் குச்சி கனத்தில் ஒரு வெள்ளைச் செராமிக் தண்டு இருக்கும், அதை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள், கண்ணாடி வளையல் மாதிரி உடையும்.

மூடிக்குள் ஜாவா மாஸ் என்கிற தொட்டிப் பாசி ஒரு கொத்து சிக்கியிருந்தது. காந்தம் உட்கார்கிற குழிக்குள் பச்சையும் பழுப்புமாக வழவழப்பு. ஒரு சின்ன ட்ரம்பெட் நத்தை, கோதுமை மணி அளவு, இம்பெல்லருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. ஆகா, இதுதான் விஷயம் என்று நினைத்தேன். நத்தையை எடுத்துத் தொட்டியில் விட்டேன், பழைய டூத் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன், மாட்டினேன், தொட்டிக்குள் வைத்து ப்ளக்கைச் செருகினேன். அதே உம். சுற்றவில்லை.

மறுபடி கழற்றி, தண்டு உடைந்திருக்கிறதா பார்த்தேன், முழுசாக இருந்தது. ரப்பர் புஷ் இரண்டும் இருந்தன. காந்தம் உப்பியிருக்கிறதா பார்த்தேன், இல்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், மிக்சி, டேபிள் ஃபேன், போர் மோட்டார் எல்லாம் அவரிடம்தான் போகும். பம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"சத்தம் வருதா தம்பி?"

"உம்முனு வருதுண்ணா, சுத்தல."

"அப்போ காயில் உசுரோட இருக்கு. சத்தமே இல்லன்னாத்தான் கவலப்படணும்."

மல்டிமீட்டரை ப்ளக்கின் இரண்டு பின்னிலும் வைத்தார். அறுநூற்றுச் சொச்சம் ஓம் காட்டியது. இந்த எண் பம்புக்குப் பம்ப் மாறும், அதில் ஒன்றுமில்லை. இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றால்தான் உள்ளே கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் காயிலை ரெசினில் மூழ்க வைத்து இறுக்கிவிட்டிருப்பார்கள், பிரிக்கவே வராது. அப்புறம் அவர் காந்தத்தை எடுத்துவிட்டுக் காலிக் குழிக்குள் ஸ்க்ரூ ட்ரைவர் முனையை நுழைத்து, இரண்டு விநாடி கரண்ட் கொடுத்தார். ட்ரைவர் டர்ரென்று அதிர்ந்தது, காயில் காந்தப்புலம் தருகிறது. (இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அந்த ரெசினில் ஒரு கீறல் இருந்தால் ட்ரைவர் வழியாகக் கைக்கு வரும். அவர் ரப்பர் மேட் மேல் நின்றுகொண்டு, முப்பது வருடப் பழக்கத்தில் செய்கிறார்.)

பிறகு இம்பெல்லரைக் கையில் எடுத்தார். ஒரு கையில் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இறக்கையைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை. இரண்டும் ஒரே துண்டு மாதிரி சேர்ந்து வந்தது.

"ப்ளே இல்ல பாரு. இதான்."

நான் இத்தனை வருடம் மீன் வளர்க்கிறேன், எத்தனையோ முறை அந்த இம்பெல்லரைக் கழற்றிக் கழுவியிருக்கிறேன், இறக்கையும் காந்தமும் ஒரே துண்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிடையாது. இறக்கை காந்தத்தின் தலையில் தளர்வாக மாட்டியிருக்கும் தனித் துண்டு. புது இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பாருங்கள், காந்தத்தைப் பிடித்துக்கொண்டு இறக்கையைத் திருப்பினால் அரைச் சுற்றோ அதற்கும் மேலேயோ சும்மா திரும்பும், அப்புறம் டக்கென்று ஒரு தடையில் முட்டும். எதிர்ப்பக்கம் திருப்பினாலும் அப்படியே. அது தேய்மானம் இல்லை, தளர்ந்து போய்விட்டது என்று ஒட்டி வைக்க வேண்டிய குறையும் இல்லை. பம்ப் கிளம்புவதே அந்தத் தளர்வினால்தான்.

ஏன் என்று அவர் சொன்னதையும் நான் பிறகு உட்கார்ந்து யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி இது. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது காயிலின் காந்தப்புலம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. நடுவில் இருப்பது நிரந்தரக் காந்தம். அது அந்தப் புலத்தோடு கால் தப்பாமல் ஓட வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும், 2500 என்றோ 2000 என்றோ நடுவில் ஒரு வேகமே அதற்குக் கிடையாது. சீலிங் ஃபேனுக்கு ஒரு கண்டென்சர் இருக்கிறது, அது ஆரம்பத் தள்ளலைக் கொடுத்து ஒரு பக்கமாகக் கிளப்பிவிடும். இந்தக் குட்டி பம்புக்கு அது கிடையாது. சும்மா நிற்கிற காந்தத்தை ஒரு பக்கம் இழுக்கிறது, நூறில் ஒரு பங்கு விநாடியில் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. காந்தம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது, ஒவ்வொரு ஆட்டத்திலும் வீச்சு கொஞ்சம் பெரிதாகிறது, ஒரு கட்டத்தில் சரியான நேரத்தில் சரியான பக்கம் விழுந்து அப்படியே பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கிறது. இதெல்லாம் கண் இமைக்கிற நேரத்துக்குள் நடந்துவிடுகிறது.

அந்த ஆட்டம் நடக்கும்போது காந்தத்தின் மேல் தண்ணீரின் சுமை இருக்கக் கூடாது. அதற்குத்தான் அந்தத் தளர்வு. காந்தம் தனியாக ஆடி, வேகம் பிடித்து, அதற்கப்புறம் போய் இறக்கையைத் தட்டி எழுப்பி இழுத்துக்கொண்டு போகிறது. தளர்வு போய்விட்டால் முதல் ஆட்டத்திலிருந்தே இறக்கை தண்ணீரைத் தள்ள வேண்டியிருக்கிறது, ஊஞ்சல் பெரிதாகவே மாட்டேன் என்கிறது, காந்தம் இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நடுக்கத்தின் சத்தம்தான் உம்.

இன்னொன்றும் இதிலேயே புரிந்துவிடும். சில நாள் பம்ப் வலமாகச் சுற்றும், கரண்ட் போய் வந்தால் இடமாகச் சுற்றும், எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம். அதனால்தான் இதன் இறக்கைகள் ஃபேன் இறக்கை மாதிரி வளைந்திருக்காது, நேராக நட்டு வைத்த மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீர் ஒரே வழியாகத்தான் வெளியேறும். ஒரு பக்கம் மட்டும் சுற்றும்படி உள்ளே தடை வைத்த பம்புகளும் உண்டு.

சரி, தளர்வு எப்படிப் போனது? எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, 1100. குழாய் வாயிலும், கெய்சருக்குள்ளும், பாத்ரூம் டைல்ஸிலும் படிகிற அதே வெள்ளை உப்புக்கறை. சூடு பட்டால் அது இன்னும் வேகமாகப் படியும், பம்பின் காந்தக் குழி எப்போதும் தொட்டித் தண்ணீரை விடக் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். இறக்கைக்கும் காந்தத்தின் தலைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடுக்கில் அது மாதக்கணக்கில் படிந்து படிந்து சிமென்ட் மாதிரி பிடித்துவிட்டது. நான் டூத் பிரஷ்ஷால் வெளியே தேய்த்தது அந்த இடுக்கைத் தொடவே இல்லை.

என்னை ரொம்ப யோசிக்க வைத்த கேள்வி, அப்படியென்றால் வியாழக்கிழமை இரவு பதினொன்றரை வரைக்கும் எப்படி ஓடியது? ஓடிக்கொண்டிருந்ததால் ஓடியது. ஒரு முறை கால் பிடித்துவிட்டால் காந்தம் அந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும், தளர்வு வேண்டியது கிளம்புகிற அந்த ஒரு நொடிக்கு மட்டும்தான். எத்தனை வாரமாக அது இறுகிப் போய் இருந்ததோ, கரண்ட் போகாததால் வெளியே தெரியவே இல்லை. மீன் வளர்க்கிறவர்கள் "கரண்ட் போய் வந்ததுல பம்ப் எரிஞ்சிடுச்சு" என்று சொல்வதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். காயில் எரிவதும் உண்டுதான். ஆனால் உறுமல் சத்தம் வந்தால், பெரும்பாலும் அது எரிந்ததில்லை. நின்றது, மறுபடி கிளம்ப முடியவில்லை.

அண்ணன் காசு வாங்கவில்லை. "வினிகர்ல ஊறப் போடு, நெம்பாத" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மளிகைக் கடையில் கிடைக்கிற சாதாரண வெள்ளை வினிகர். ஒரு எவர்சில்வர் டம்ளரில் இம்பெல்லர் மூழ்குகிற அளவு ஊற்றி உள்ளே போட்டேன். இரண்டு நிமிடத்தில் இறக்கையின் அடியிலிருந்து குமிழி வர ஆரம்பித்தது, முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் மெல்லிய நூல் மாதிரி விடாமல். மகள் டம்ளரைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சோடா மாதிரி சத்தம் கேட்கிறது என்றாள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துத் திருப்பினேன், அசையவில்லை. வினிகரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன், ஏனென்றால் உப்பைக் கரைத்துக் கரைத்து முதல் வினிகர் வீரியம் இழந்திருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி திருப்பினேன். ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது. நகர்ந்த இடத்திலிருந்து வெள்ளையாக மாவு மாதிரி வந்தது. வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினேன், ஆட்ட ஆட்ட இடம் விட்டுக்கொண்டே வந்தது. கடைசியில், டக். அரைச் சுற்றுக்கு மேல் சும்மா திரும்பி அந்தத் தடையில் போய் முட்டிய சத்தம். அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டபோது ஏற்பட்ட சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது.

அவசரப்பட்டு ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்பியிருந்தால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தடை உடைந்திருக்கும். அது உடைந்தால் காந்தம் மட்டும் சுற்றும், இறக்கை சுற்றாது, அப்புறம் உண்மையிலேயே வேறு வாங்க வேண்டியதுதான். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். காந்தத்தின் மேல்பூச்சை அரித்துவிடும், பூச்சு போனால் உள்ளே துரு ஏறி, காந்தம் உப்பி, குழியின் சுவரில் உரசும். அப்படி உப்பின காந்தத்துக்கு மருந்து கிடையாது, இம்பெல்லர் செட் மட்டும் தனியாக வாங்கலாம், கொளத்தூரில் பல மாடலுக்குக் கிடைக்கிறது, பழையதைக் கையோடு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்க வேண்டும்.

எண்ணெயும் வேண்டாம். சுலபமாகச் சுற்றட்டும் என்று தண்டில் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்டுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். நீங்கள் தடவுகிற எண்ணெய் ஒரு மணி நேரத்தில் தொட்டியின் மேல்மட்டத்தில் படலமாகப் பரவி, காற்று உள்ளே இறங்குவதைத் தடுக்கும். தண்டுக்குத் தண்ணீர்தான் எண்ணெய் என்பதால்தான் பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கவும் கூடாது. கோடையில் தண்ணீர் வற்றி பம்பின் தலை வெளியே தெரிய ஆரம்பித்தால் அன்றைக்கே நிரப்பிவிடுங்கள், வறண்டு ஓடினால் தண்டு சூடேறி விரிசல் விடும்.

ஸ்பான்ஜையும் அன்றே கவனித்தேன். அது திறந்த தொட்டிக்குள் தண்ணீரில்தான் கிடந்தது, அதனால் பாக்டீரியாவுக்குப் பெரிய சேதம் இருந்திருக்காது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து வைத்தேன், குளோரின் இருக்கிற குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியாவை நாமே கொன்றதாகும். கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அது மூடிய டப்பா, பல மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா செத்து, தண்ணீர் கெட்டுப் போகும். அதைத் திறக்காமல் அப்படியே மறுபடி ஓட விட்டால் அத்தனையும் தொட்டிக்குள் வந்து கொட்டும். திறந்து முகர்ந்து பாருங்கள், அழுகின முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே கொட்டி, பாக்டீரியா குடியிருக்கிற மீடியாவை அலசிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

சாயங்காலம் நாலரை மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி, தண்ணீருக்குள் இறக்கி, கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, ப்ளக்கைச் செருகினேன். ஒரு சின்னக் கடகட, அப்புறம் சர்ரென்று குழாய் வழியாகத் தண்ணீர். லட்டு முதலில் மிரண்டு செடிக்குப் பின்னால் போய் நின்றது. ஜாங்கிரி நேராகப் பம்பின் வாய்க்கு எதிரே போய், வேகத்துக்கு எதிராக நீந்திக்கொண்டே நின்றது, அது அதற்குப் பிடித்த விளையாட்டு.

இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு காலை ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. நான் வீட்டில் இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில், ப்ளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி செருகுகிறேன். உடனே கிளம்பினால் சரி. கொஞ்சம் தடுமாறினால், இரண்டு மூன்று முறை நடுங்கிவிட்டுக் கிளம்பினால், இடுக்கில் உப்பு சேர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே கழற்றி வினிகரில் போட்டுவிடலாம். அதோடு, பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன ஏர் பம்ப்பும், குமிழி விடுகிற ஏர் ஸ்டோனும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், பேட்டரியைத் தனியாகக் கழற்றி, இல்லையென்றால் உள்ளேயே கசிந்துவிடும்.

நேற்று முதல் ஞாயிறு. மகள்தான் ப்ளக்கைச் செருகுவேன் என்று நின்றாள், கையை நன்றாகத் துடைக்கச் சொல்லிச் செருக விட்டேன். காதைக் கண்ணாடியில் வைத்துக் கேட்டுவிட்டு, "டக்குனு புடிச்சிடுச்சுப்பா" என்றாள்.